ஏழாம் இரும்பு

மூன்றாம் ஷிப்ட் முடிந்து
பாகலூர் சாலையில் கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும்
வீட்டில் வாளியை மட்டும் எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போகிறேன்.
ஏரி என்பது பேர்தான். நான்கு வருடமாய்த் தண்ணீர் இல்லை.
பெயின்ட் வாளியில் முப்பத்திரண்டு பந்து இருந்தது,
இப்போது இருபத்தொன்பது.
மட்டை ஒன்றே ஒன்று,
பெங்களூர் ஞாயிற்றுச் சந்தையில் வாங்கியது.
ஏழாம் இரும்பு என்றான் விற்றவன்.
மற்ற இரும்பெல்லாம் எங்கே என்றேன்.
முதலில் இதை அடி சார் என்றான்.
ஆறு வருடம் ஆகிறது.

ஓசூர் சிப்காட்டில் என் கண்ணுக்கு நல்ல பேர்.
மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினாலும்
சிவப்பு டப்பாவில் போடுகிறவன்.
இங்கே என் தோளுக்கு டிராயிங் இல்லை.
இடுப்பு எத்தனை டிகிரி திரும்பியது,
மணிக்கட்டு எந்த நொடியில் அவிழ்ந்தது,
அளக்க ஒரு கருவியும் இல்லை.
பந்து மட்டும் போய்ச் சொல்கிறது,
வலப்பக்கம் வளைந்து
நாகேஷ் ரெட்டியின் ரோஜாக் கூடாரத்தின் மேல்.
அறுநூறு ரூபாய். பாலித்தீன் ஷீட் தனி.

தலையைத் தூக்காதே.
கேட்டுவைத்தது இவ்வளவுதான்,
கற்றுக்கொண்டேன் என்று சொல்லவில்லை.
அடிக்கும் முன்பே எங்கே போகிறதென்று பார்க்க
கழுத்துக்கு ஓர் அவசரம்.
மகளின் பிளஸ் டூ ரிசல்ட்
பத்து மணிக்கு என்றார்கள்.
எட்டிலிருந்தே போனைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் நான்.

ஆடு மேய்க்கும் மாரக்கா ஒருநாள் கேட்டாள்:
தெனம் குனிஞ்சு குனிஞ்சு தேடுறியே,
என்னதான் தொலைச்ச?
பந்து என்றேன்.
தொலைக்காம இருக்க வழி இல்லியா?
அதைத்தான் பழகுகிறேன்.

ஒரு முறை, ஒரே முறை,
கையில் எதுவும் படவில்லை.
அடித்தேனா என்றுகூடத் தெரியவில்லை.
நிமிர்ந்தபோது பந்து
கருவேல மரத்துக்கு மேலே
இறங்க மனசில்லாமல் நின்றது.
மறுபடி அடித்தேன். மண் பறந்தது.
எப்படிச் செய்தாய் என்று கையைக் கேட்டேன்.
நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் மாதிரி முழித்தது.

போன மார்ச்சில் பர்ச்சேஸ் மேனேஜர் பிரகலாத்
நிஜ மைதானத்துக்குக் கூட்டிப் போனார்.
ஷூவோடு மிதிக்கக் கூசும் பச்சை.
பதினோராம் குழிக்குப் போகும் வழியில்
புதரோரம், தனியாக,
மட்டையைத் தரையில் வைத்ததும்
பந்து அரை அங்குலம் உருண்டது.
பார்த்தவர் யாருமில்லை.
இந்த விளையாட்டில்
ஆபரேட்டரும் நான், இன்ஸ்பெக்டரும் நான்.
அட்டையில் ஒன்று கூட்டி எழுதினேன்.
மொத்தம் நூற்று இருபத்தேழு.
பிரகலாத் சிரித்தார். நானும்தான்.

திரும்பும்போது அத்திப்பள்ளி டோலில்
காரணமே இல்லாமல் ஒரு டிசம்பர் ஞாபகம் வந்தது.
மாதக் கடைசி. வாசலில் லாரி.
நூறில் இரண்டு பங்கு கூடுதலாய் நானூறு புஷ்.
பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன்.
புகார் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.
ஒன்று கூட்டி எழுத
அங்கே அட்டை எதுவும் இல்லை.

இப்போது ஏரியில் ஆள்காட்டி முட்டையிட்டிருக்கிறது.
நான்கு. சரியாக என் பந்து விழும் இடத்தில்,
அதாவது நான் குறிவைக்காத இடத்தில்.
கிட்டே போனால் தலைக்கு மேல் சுற்றிக் கத்துகிறது.
என் ஆட்டத்தை இவ்வளவு நேர்மையாய்
யாரும் விமர்சித்ததில்லை.
மூன்று வாரமாய்ப் பந்தில்லாமல் வீசுகிறேன்.
அழகாகத்தான் இருக்கிறது.
பந்தில்லாத வீச்சு யாருக்குத்தான் அழகாயிருக்காது.
தலை குனிந்தது குனிந்தபடி,
பார்க்க எதுவும் இல்லையே.

நேற்று மாரக்கா
மடியிலிருந்து இரண்டு பந்தை எடுத்துத் தந்தாள்.
முட்டைன்னு நெனச்சேன். ஒடைக்கப் பாத்தேன், ஒடையல.

அப்போ முப்பத்தொன்று.
ஒன்று இன்னும் ரெட்டியின் ரோஜாவில்.