காற்று இல்லாத இரவு

புயல் என்றார் கப்பல் தலைவர்.
வானிலைப் பதிவேட்டைத் திருப்பி
அவர் பக்கம் நகர்த்தினேன்.
அன்றிரவு கார்ட்லாவில்
வாசற்படியில் மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தாலும்
விடியும்வரை நின்று எரிந்திருக்கும்.

கயிற்றேணியில் ஏறும்போதே பார்த்துவிட்டேன்:
இடப்பக்க நங்கூரம் இல்லை.
சங்கிலியின் கடைசிக் கண்ணிகள் துரு உதிர்ந்து
சாம்பல் போட்டுத் தேய்த்த பாத்திரம்போல் மின்னின.
அறுபது கடல்மைல் தரையை உழுதால்
இரும்புக்கும் அப்படியொரு களை வரும்.

எங்கள் தீவுக்குக் கடலடியில் இரண்டு வடங்கள்.
ஒன்றில் மின்சாரம். ஒன்றில் பேச்சு.
பேச்சு வரும் வடம் என் மணிக்கட்டளவு பருமன்,
உள்ளே முடியிழை போன்ற கண்ணாடி,
அதற்குள்ளே
ஹீயுமா முழுவதன் சம்பளம், மருந்துச் சீட்டு,
ஹெல்சிங்கியில் படிக்கும் ஒரு பையன்
அம்மாவின் திரையில்
பாதியில் உறைந்துபோன கொட்டாவி.

இரண்டும் அறுந்தன.
இடையில் பதினேழு நிமிடம்.

காகிதங்களைக் கேட்டேன். குறைவில்லாமல் வந்தன.
கொடி, பனைமரம் வரைந்த ஒரு தீவினுடையது;
அந்தத் தீவின் கரையை இந்தக் கப்பல் கண்டதே இல்லை.
எண்ணெய், கிழக்கே எங்கள் பக்கத்து வீட்டாருடையது.
காப்பீட்டுப் பத்திரம் பாலைவனம் தாண்டிய தலைநகரில் அச்சானது,
முத்திரையின் மை என் விரலில் ஒட்டியது.
இல்லாத இடத்தில் இருப்பதாகச் சொல்லும் கருவியோ
இன்னும் தொலைவு,
குறிப்பேட்டில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து.

ஒருவர் வீட்டுச் சோற்றை இன்னொருவர்
முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்கமாட்டார்.
அவ்வளவுதான் அவர்களுக்குள் நட்பு.
ஆனாலும் பாருங்கள்,
ஒருவர் பூட்டை நெம்ப
ஒருவர் நாய்க்கு எலும்பு போட
மூன்றாமவர் தெருமுனையில் நம்மை நிறுத்தி
நிலா இன்று எவ்வளவு அழகு என்கிறார்.

நாங்களோ உண்மையான நண்பர்கள்.
அதனால் அறிக்கையில்
‘சந்தேகிக்கிறோம்’ என்பதா ‘கவலை கொள்கிறோம்’ என்பதா என்று
இரண்டு நாள் பேசினோம்.
அந்த இரண்டு நாளும் மருந்துக்கடை ஹில்யா
இன்சுலினைக் கடனுக்குக் கொடுத்து
கோடு போட்ட பள்ளி நோட்டில் பெயர் எழுதினாள்.
நாற்பத்தொரு பெயர்.
எல்லோரும் திருப்பிக் கொடுத்தார்கள்,
ஒருவர் மட்டும் புகையிட்ட மீனாக.

சமையலறையில் ஜும்பெர் இருந்தார், பத்தூமிக்காரர்.
ஏழு மாதமாகச் சம்பளம் இல்லையாம்.
“இந்தக் கப்பல் யாருடையது?
தெரிந்தால் எனக்கும் சொல்” என்றார்.
நான் கேட்க வைத்திருந்த கேள்வி அது.
சூப் ஊற்றினார். விதிப்படி குடிக்கக் கூடாது.
குடித்தேன். உப்பு கூடுதல்.

அன்றிரவு ஏதாவது சத்தம்?

கரண்டியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.
“தட்டுகள் நடுங்கின. ஆறு மணி நேரம்.
ஒவ்வொன்றாய் எடுத்து என் படுக்கையில் அடுக்கினேன்.
கடலை அறு என்று யாரும் சொல்லிக் கேட்கவில்லை.
நிறுத்து என்றும் யாரும் சொல்லவில்லை.”

தட்டு நடுங்கியது சாட்சியாகாது
என்றார் அரசு வழக்கறிஞர்.
சம்பவம் நடந்த நீர் யாருக்கும் சொந்தமில்லை என்றார்.
சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, பாவம்.

ஐந்தாம் வாரம் புறப்பட்டுவிட்டது.
புதிய நங்கூரம், சாயம் காயவில்லை.
கொடியும் புதியது: பனைமரம் போய் ஏதோ ஒரு பறவை.
ஜும்பெர் பின்தளத்தில் நின்று
ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார்.
கையசைத்தாரா தெரியவில்லை.

இரவுப் பணியில் திரை நிறையப் புள்ளிகள்.
ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பெயர், ஒரு நாடு.
அதையெல்லாம் இப்போது படிப்பதில்லை.
காரணமில்லாமல் வேகம் குறைகிற புள்ளியை மட்டும் பார்க்கிறேன்.

வீட்டுக்கு முன்னால் மரலாரி போகும்போது
அலமாரியில் தட்டுகள் லேசாகக் கிலுங்கும்.
முன்பு தூங்கிவிடுவேன்.
இப்போது எழுந்து உட்கார்ந்து
எத்தனை நொடி என்று எண்ணுகிறேன்.