ஐப்பசியின் சம்பளம்

சேர்வராயன் மலையில் மேகம் இறங்கினால்
சேலத்துக்கே குளிரும்.
ஏசி பார்க்கிற எனக்கு மட்டும் வேர்க்கும்.

ஐப்பசியில் போன் அடித்தால்
தண்டல் செங்கோடன்தான்.

சித்திரையில் நாளைக்கு ஒன்பது வீடு.
அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ், மறுபடி அஸ்தம்பட்டி,
ஏணி இறக்கக்கூட நேரமில்லை.
வருடம் முழுக்கச் சித்திரை என்று நினைத்து
தவணையில் பைக் எடுத்தவன் நான்.

இந்த முறை
வருவதில் பாதியைக் கோகிலவாணி பிடுங்கிக்கொண்டாள்.
தபால் ஆபீஸ் புத்தகத்தில் போட்டு
“இது ஐப்பசியோட சம்பளம், தொடாதீங்க” என்றாள்.
வெயிலிடம் வாங்கி மழைக்குக் கொடுத்தோம்.

நேற்று தூறலில் வந்தார் செங்கோடன்.
அட்டையின் கடைசிக் கட்டத்தில் கிறுக்கிவிட்டு
பேனாவை மூடாமலே கேட்டார்:
“புதுசா ஒன்னு போட்டுரலாமா?”

மழை வலுத்தது.
போன் அடிக்கவேயில்லை.
டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்,
சர்க்கரை தூக்கலாக.