முறை

மாயவரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில்
ஞாயிறுதோறும் நான்கு மணிக்கு
ஒரு கோட்டை எரியும்.

கதை நடத்துபவன் நௌஷாத்.
‘ஏழு கோட்டை’ அவன் எழுதிய ஆட்டமில்லை,
எவரோ எழுதியது. முந்நூற்று எண்பது பக்கம்.
கூரையிலிருந்து விழுந்தால் எத்தனை காயம் என்பதற்கு
எங்கோ ஓர் அட்டவணை உண்டு.
அதைத் திறந்து பார்த்தவர் யாருமில்லை.
நௌஷாத் மேலே பார்ப்பான்,
கணக்குப் போடுவதுபோல உதட்டை அசைப்பான்,
“கால் போச்சு” என்பான்.
வைத்தி நொண்டத் தொடங்குவான்,
உட்கார்ந்தபடியே.

நான் எழுதிய ஆட்டம் பன்னிரண்டே பக்கம்.
கொள்முதல் நிலையத்தில்
நெல்லின் ஈரப்பதம் குறிக்கும் வேலை எனக்கு.
பதினேழைத் தாண்டினால் மூட்டை திரும்பும்.
அந்தக் கறார் என் விதிகளிலும் ஏறிவிட்டது.
பகடை கிடையாது. ஆளுக்கொரு மதகுச் சாவி.
யாருடைய முறையோ அவர் மட்டும் திறக்கலாம்.
திறந்தவர், தனக்குக் கீழே இருக்கும் ஊர்க்காரரின்
முகத்தைப் பார்த்து ஒரு பொய் சொல்ல வேண்டும்.
அவ்வளவுதான்.
அந்த அவ்வளவுதானுக்கு மூன்று வருஷம்.

ஜெனிட்டா படித்துவிட்டு “அழகா இருக்கு” என்றாள்,
கண்ணாடி அலமாரியில் இருக்கும் தட்டைச் சொல்வதுபோல.

சண்டைக்குப் போனேன்.
உங்கள் ஏழு கோட்டையில்
எட்டாம் நிலை தாண்டினால் மந்திரவாதிக்கு மட்டுமே வேலை,
மற்றவர்கள் பஜ்ஜி தின்னலாம்.
வில்லுக்கான விதி இரண்டு இடத்தில் இரண்டு விதம்.
ஒரு சண்டை முடிய ஒன்றரை மணி நேரம்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள்.
பிரகதீஷ் சொன்னான்:
“திருவாரூர்ல என் மச்சான் இதைத்தான் ஆடுறான்.
பொங்கலுக்குப் போனா நானும் உக்காந்துக்கலாம்.
உன்னோடத அங்க யாருக்குத் தெரியும்?”

வாய்க்கால் வெட்டிவிட்டேன்,
நூல் பிடித்து, கரை கட்டி.
தண்ணீர் பழைய வாய்க்காலிலேயே போகிறது
காட்டாமணக்கு அடைத்து, கோணலாக,
போன வருஷம் போன வழியில்.

அதுகூட முழுக்க நியாயமில்லை.
அந்த முந்நூற்று எண்பது பக்கங்களில்
எங்கெல்லாம் ஓட்டையோ
அங்கெல்லாம் நௌஷாத் நிற்கிறான்.
என் பன்னிரண்டில்
அவன் கால் வைக்க நான் இடம் விடவில்லை.

ஐப்பசியில் ஒருநாள்
கும்பகோணம் போனவன் குத்தாலத்தில் மாட்டிக்கொண்டான்.
கரண்ட் இல்லை. கைப்பேசி வெளிச்சம். நாங்கள் நான்கு பேர்.
வேறு வழியில்லாமல் என் ஆட்டம்.
பிரகதீஷ் திறந்தான், கூசாமல் பொய் சொன்னான்.
ஜெனிட்டா அதைவிட நன்றாக.
வைத்தியின் முறை வந்தது.
தரங்கம்பாடிப் பக்கம், கடைமடை, அவன் ஊர்.
சாவியை வைத்துக்கொண்டு
ஜெனிட்டாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
“பொய் வரலை” என்றான்.
அதற்கு என்னிடம் விதி இல்லை.
மழை விடும்வரை யாரும் எதுவும் பேசவில்லை.
பிறகு அவரவர் செருப்பைத் தேடினோம்.

அதோடு சரி. யாரும் மறுபடி கேட்கவில்லை.

ஆனால் இப்போதெல்லாம்
கோட்டைவாசலில் காவலன் எதையாவது சொன்னால்
“மூஞ்சியப் பாத்துச் சொல்லு” என்கிறான் வைத்தி.
மேசையே காத்திருக்கிறது.
பழக்கமாகிவிட்டது. பிரகதீஷ் வழியாகத்
திருவாரூர்வரை போய்விட்டதாகக் கேள்வி.
அந்தத் தடிப் புத்தகத்தில்
எந்தப் பக்கத்திலோ இருக்கிறது என்று
நௌஷாத் நம்புகிறான்.
நான் சொல்லவில்லை. சொல்வேனா, தெரியாது.

போன ஞாயிறு மதிலேறினேன்.
இருபது முகப் பகடை உருண்டு
டீ கிளாஸில் முட்டி நின்றது. பதினேழு.
போதுமா என்று கேட்டேன்.
நௌஷாத் மேலே பார்த்தான்.