பதினோராம் கேள்வி

உபதேசியார் தேர்வு. தாள் இரண்டு.
திருச்சபை வரலாறு, முதல் ஐந்து நூற்றாண்டு.
சமாதானபுரத்தில் மே மாதம்;
மின்விசிறி ஒவ்வொரு தாளையும்
எனக்கு முந்தியே புரட்டப் பார்க்கிறது.

கேள்வி பதினொன்று:
"குமாரன் இல்லாத ஒரு காலம் இருந்தது
என்ற ஆரியுஸின் போதனையை
நிசேயா சங்கம் ஏன் தள்ளியது? விளக்குக."
பத்து மதிப்பெண்.

ஆரியுஸை ஆரியர் என்று வாசித்து
சிந்துவெளிக்கே போய்விட்டார் ஒருவர்.
குதிரைகள், இரும்பு, நான்கு வேதம்.
நல்ல கையெழுத்து. சுழி.

இன்னொருவர்:
ஒரே ஆள்தான், காலையில் கண்டக்டர்,
சாயந்தரம் தகப்பன், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கியார்;
அதுபோலவே திரித்துவமும்.
ஐயா, இதைச் சொன்னவரை
நிசேயாவுக்கு நூறு வருஷம் முந்தியே
ரோமாபுரியில் வெளியே தள்ளிவிட்டார்கள்.
மூன்று.

யோர்தானில் முங்கி எழுந்தபோதுதான்
அவருக்கு நியமன உத்தரவு வந்தது,
அதுவரை தச்சர் வீட்டுப் பையன், என்கிறார்
அரசு வேலைக்குக் காத்திருக்கும் ஒருவர்.
இரண்டு. இரக்கத்தில் அரை.

தாமிரபரணியும் கன்னடியன் கால்வாயும்
ஒரே தண்ணீர் என்று படம் வரைந்த பெண்ணுக்கு
ஐந்து போட்டேன்.
ஆனால் அம்மா,
ஆறு இருந்தது, கால்வாயை வெட்டினார்கள்.
வெட்டும் முன்னால் கால்வாய் எங்கே?
ஆரியுஸ் கேட்டதும் அவ்வளவுதான்.

கிரேக்கத்தில் ஒரு குச்சி எழுத்து.
அது இருந்தால் "ஒத்த தன்மை",
எடுத்துவிட்டால் "ஒரே தன்மை".
அதற்கா ஆயர்கள் நாடுகடத்தப்பட்டார்கள் என்று
வகுப்பில் வருஷா வருஷம் சிரிப்பார்கள்.
பட்டாவில் மாசிலாமணிக்கு ஒரு கால் விழாமல் போய்
மசிலாமணியாகி
தாலுகா ஆபீசுக்கு ஏழு மாதம் நடந்தார்
என் பெரியப்பா.
நாம் சிரிக்கக் கூடாது.

எண்பத்தாறாம் தாள்.
பெயர் எழுதக் கூடாது என்பது விதி.
எழுதியிருக்கிறார்: செ. தேவசகாயராஜ்.
மை தீர்ந்து பாதியில் பென்சில்.

"என் மகன் பிறக்கும் முன்னே நான் தகப்பன் இல்லை.
மனுஷனுக்கு அப்படித்தான்.
அவன் மணிமுத்தாற்றில் போய்
பதினாறு மாதம் ஆகிறது.
கணக்கெடுக்க வந்த பிள்ளை
எத்தனை மக்கள் என்று கேட்டது.
நான் வாய் திறக்கும் முன்னே
பக்கத்து வீட்டார் சொல்ல
'இல்லை' என்று எழுதிவிட்டது.
பேனாவை வாங்கி அதை அடித்தேன்.
மகன் இல்லை என்றால் தகப்பனும் இல்லை.
எனக்கே தகப்பன் என்ற பேர் போகாதபோது
பிதாவுக்கு ஒரு காலம் அந்தப் பேர் இல்லாதிருந்தது
என்று எப்படி எழுதுவது?
அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று
எழுதினவன்தான் ஆரியுஸ்.
சங்கத்தார் அதை அடித்தார்கள்."

அவ்வளவுதான்.
வருடம் இல்லை. பேரரசன் பெயர் இல்லை.
அத்தனாசியுஸ் இல்லை.
விடைக்குறிப்பின்படி
வருடத்துக்கு ஒன்று, மன்னனுக்கு ஒன்று,
"ஒரே தன்மை" என்ற சொல்லுக்கு இரண்டு...
கூட்டிப் பார்த்தால் நாலைத் தாண்டவில்லை.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.
பானை அடியில் கொஞ்சம்தான் இருந்தது.
திரும்பி வந்து மறுபடி வாசித்தேன்.
கடவுளுக்கு மனுஷனை அளவுகோலாக்கியது தப்பு
என்று சிவப்பு மையில் தொடங்கி
"கடவுளுக்கு" என்பதோடு நிறுத்திவிட்டேன்.
அந்தச் சொல் அங்கேயே நிற்கிறது,
அடிக்கவும் இல்லை.

எட்டு.
மேற்பார்வையாளர் கேட்பார்.
ஓரத்தில் எழுதினேன்:
வருடத்தை விட்டுவிட்டார். வாதத்தை விடவில்லை.

எண்பத்தேழு:
"சூரியனும் வெயிலும் போல.
வெயில் இல்லாத சூரியன்
ஒரு நாளும் இருந்ததில்லை."
பாளையங்கோட்டைக்காரர் போலிருக்கிறது.
ஜன்னலைச் சாத்திவிட்டு
அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.