பதினோரு விநாடி

நான்காம் பகுதியில்,
விளம்பர இடைவேளைக்குச் சற்று முன்
அது வரும்.
கதவைத் திறக்கும். உள்ளே போகும்.
பதினோரு விநாடி.
முகம் காட்டியதே இல்லை.

கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலிலும்
‘கதவருகே ஜந்து’ என்றுதான் இருக்கும்.
நடித்தவர் பெயர் வரவேண்டிய இடத்தில்
ஒரு கோடு.

அப்போது எனக்கு ஒன்பது வயது.
இன்வர்கார்கில்லில் மழை.
எங்கள் வீட்டுப் பெட்டி கறுப்பு வெள்ளை.
பள்ளியில் எல்லாருக்கும் தளபதியைப் பிடித்தது,
சிலருக்கு விண்கலத்தை.
எனக்கு அந்த முதுகைப் பிடித்துப் போயிற்று.
எதையோ மறந்துவிட்டு
எடுக்கப் போகிற மாதிரி ஒரு நடை.

இப்போது ஐம்பத்தொன்று.
பகலில் இறைச்சி ஆலையில்
பெட்டிகளுக்கு முத்திரை குத்துகிறேன்.
இரவில் பின்னுகிறேன்.
முதல் அங்கி தோளில் இழுத்துக்கொண்டது.
இரண்டாவதை நாய் தின்றது
(முழுசும் இல்லை, ஒரு கை).
வீடியோ நாடாவை நிறுத்தி நிறுத்தி
முதுகெலும்பின் முடிச்சுகளை எண்ணினேன்.
பத்தொன்பது.
நாடா தேய்ந்து திரையில் பனி கொட்டும் இடத்தில்
இருபதாவது ஒன்று இருக்கலாம்.
சந்தேகத்தின் பலனை ஜந்துவுக்கே கொடுத்தேன்.

ஏலத்தில் ஒரு பொத்தான் எடுத்தேன்.
படப்பிடிப்பில் போட்ட அதே அங்கியினுடையது,
மிஞ்சியது இது ஒன்றே என்றது சான்றிதழ்.
மனைவியிடம் பாதி விலைதான் சொன்னேன்.
பாதிக்கே உட்கார்ந்துவிட்டாள்.

முகம்தான் தொல்லை.
யாரும் பார்க்காததை எதைப் பார்த்துப் பின்னுவது?
ஒரு குளிர்காலம் முழுக்க
வெற்றுக் கம்பளியை மடியில் போட்டிருந்தேன்.
கடைசியில் வருத்தமாக வைத்தேன்.
ஒருமுறை கூப்பிட்டார்கள்,
மறுபடி கூப்பிடவில்லை,
அப்படி ஒருவனின் முகம்.

காரில் பக்கத்து இருக்கையில்
பெல்ட் போட்டு உட்காரவைத்தேன்.
ஜலசந்தி தாண்டும் கப்பலில்
சீட்டுப் பையன் குனிந்து பார்த்து
“இரண்டு பேரா?” என்றான்.

வாங்கனூயி நினைவு மண்டபம்.
ஈரக் கம்பளி வாசம், பெயிண்ட் வாசம், சாசேஜ் வாசம்.
திறக்காத டப்பாவில் இருக்கும் பொம்மை
நூற்றிருபது டாலர்.
விளையாடித் தீர்த்த பொம்மை நான்கு.
நான்கு டாலர் பொம்மைக்கு ஒரு காது இல்லை.
வாங்கிப் பையில் போட்டேன்.

தேநீர் வரிசையில்
எனக்கு முன்னால்
என் முதுகு நின்றது.

எண்ணிப் பார்த்தேன். இருபது முடிச்சு.
நாடா தேய்ந்த இடத்துக்கு அப்பாலும்
இன்னொருவர் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார்.
ஆனால் நிறம் கடுகு மஞ்சள்.
திரும்பியது. சிரித்தது.
துணிப் பற்கள் எல்லாம் தெரிய
அடக்கமாட்டாத ஒரு சிரிப்பு.

“மஞ்சளா?” என்றேன்.
“சாம்பலா?” என்றாள் உள்ளேயிருந்து ஒருத்தி.
மெரியானா. கிஸ்போர்னில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
அவர்கள் வீட்டில் அப்போதே கலர் டிவி.
“அது வீட்டுக்கு வருகிறது, ஐயா.
நடையைப் பார்த்தால் தெரியவில்லையா?”

நெஞ்சில் ஒரு பொத்தான் குத்தியிருந்தாள்.
மிஞ்சியது அது ஒன்றே.
சான்றிதழும் வைத்திருந்தாள்,
அதே எழுத்துப் பிழையோடு.
தேநீர் சிந்தும்வரை சிரித்தோம்.
என் முகம் மட்டும்
வெளியே வருத்தமாகவே இருந்தது.

அட்டைத் தலைக்கவசம் போட்ட ஒரு குட்டித் தளபதி வந்து
“உங்களில் யார் நிஜம்?” என்றாள்.
பதில் இல்லை எங்களிடம்.
மெரியானா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.
கேமராவுக்கு முதுகு காட்டி நின்றோம்.

“ஓ!” என்றது மண்டபம்.
சாசேஜ் மேசையில் யாரோ கை தட்டினார்கள்.

எங்களுக்கு எதிரே
அவசர வழிக் கதவு ஒன்று.
திறந்தால் மணி அடிக்கும் என்று எழுதியிருந்தது.
ஒன்று, இரண்டு என்று
கம்பளிக்குள் எண்ணத் தொடங்கினேன்.
அவளும் எண்ணுவது கேட்டது.

ஒன்பதில் தள்ளிவிட்டாள்.