பதினேழாம் வரியில் இருமல்

அமகாசாகியில் அந்த அறைக்கு
ஏழு நிமிடத்துக்கொரு ரயில்.
இரண்டு ரயில்களுக்கு நடுவில்
ஒரு பாட்டைப் பிடித்தாக வேண்டும்.

மெத்தை மடித்து வைக்கும் சுவர் அலமாரிக்குள்
இபுகியும் நானும்.
எதிரொலிக்காமலிருக்கக் கம்பளியை ஆணியடித்திருந்தோம்.
மைக் இரவல்.
மண்ணெண்ணெய் அடுப்பு முனகுகிறதென்று
அணைத்துவிட்டாள்.
பிப்ரவரி மாதம்.
சொற்களுக்கு முன்னால் அவள் வாயிலிருந்து
புகை வந்தது.

பதினாறு வரிகளைக் கொட்டித் தீர்த்தாள்:
மேலாளர் பெயர் சொல்லாமல் விரல் சொடுக்குவதை,
சம்பளக் கவரில் குறைந்த ஆயிரத்து இருநூறு யென்னை,
அம்மாவின் புதுச் சிநேகிதருடைய செருப்பு
வாசலை அடைத்துக் கிடக்கும் கோணத்தை.
பதினேழின் பாதியில் மூச்சு வாங்க நிறுத்தினாள்.
அங்கேதான் நான் இருமினேன்.

இரண்டு கையாலும் பொத்திப் பார்த்தேன்,
விரலிடுக்கில் வெளியேறிவிட்டது.
அவள் நிறுத்தவில்லை.
தாளம் தப்பாமல் என் பக்கம் திரும்பி,
'பொறுத்துக்கோ, இன்னும் நாலு வரி,
அப்புறம் அடுப்பு' என்றாள்.
அது பதினெட்டாம் வரி ஆயிற்று.

அழித்துவிட்டு மறுபடி பாடு என்றேன்.
மூன்று முறை போட்டுக் கேட்டாள்.
'இருக்கட்டும். முரசு இல்லாத இடத்தில்
சரியாக விழுந்திருக்கிறது.'
ரயில் வந்துவிட்டது.
மேற்கொண்டு பேச முடியவில்லை.

இப்போது அவள் பெயர் மிசோரே.
மழையாகவும் துணியாமல் பனியாகவும் துணியாமல்
சட்டைக் கழுத்துக்குள் இறங்குமே, அது.
'உபரி நேரம்' வந்தது, 'ஒற்றைச் சாவி' வந்தது,
இரண்டுக்கும் நல்ல ஸ்டுடியோ, நல்ல வயலின்.
ஆனாலும் ஊர் கேட்பது
'குறைந்த ஆயிரம்' தான்.
பேருந்து நிறுத்தத்தில் பள்ளிக்கூடப் பெண்கள்
உதடு மட்டும் அசைத்து ஓட்டிக்கொண்டே வந்து
பதினேழில் சத்தமாக இருமுகிறார்கள்.
கரோக்கே திரையில் அந்த இடத்தில்
ஒரு நட்சத்திரக் குறி.
பதினெட்டாம் வரியை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கிறார்கள்.
அடுப்பு என்றால் புரட்சி என்று
ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார்.

தொலைக்காட்சியில் கேட்டார்கள்,
அந்த இருமல் யாருடையது என்று.
'பூனை' என்றாள், கண்ணைச் சிமிட்டாமல்.
அந்த வீட்டுக்காரர் பூனை வளர்க்க விடமாட்டார்.

நான் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை
நீராவியில் அழுத்துகிறேன், இரவு ஷிப்ட்.
இயந்திரம் தம்மென்று இறங்கி உஸ்ஸென்று எழும்.
ரேடியோவில் பாட்டு வரும்போதெல்லாம்
பக்கத்து மேசை ஹமகுச்சி
விரிப்பின் ஓரத்தைப் பிடித்தபடியே இருமுவாள்.
'நீ ஏன் இருமுவதேயில்லை நாட்சுஹோ,
பாட்டு பிடிக்காதா?'
பிடிக்கும் என்றேன்.
அடுத்த விரிப்பை நீட்டினேன்.

நவம்பரில் ஒசாகா அரங்கம்.
மூன்றாம் மாடி, தூணுக்குப் பின்னால், முழு விலை.
அவள் கட்டைவிரல் அளவு தெரிந்தாள்.
பதினாறு முடிந்தது.
மைக்கை எங்கள் பக்கம் நீட்டினாள்.
பத்தாயிரம் தொண்டைகள் ஒன்றாக,
கூரை விளக்குகள் அதிர.
நான் மட்டும் வாயைப் பொத்தியிருந்தேன்
அன்றைக்குப் போலவே,
இரண்டு கையாலும்.
பதினெட்டுக்குப் போகாமல்
அவள் கொஞ்சம் தலை சாய்த்து நின்றாள்,
இசைத்தட்டில் இல்லாத ஒரு நொடி,
ரயில் வருகிறதா என்று கேட்பவள் போல.
அல்லது காதிலிருந்த கருவி நழுவியிருக்கலாம்.
தூண் மறைத்துக்கொண்டது.

கடைசி வண்டிக்கு நடைமேடையில் காத்திருந்தபோது
நிஜமாகவே இருமல் வந்தது.
குளிர்தான், வேறொன்றுமில்லை.
பக்கத்தில் கழுத்துப்பட்டையைத் தளர்த்தியிருந்த ஆள்
என்னைப் பார்க்காமலே
அடுத்த வரியை எடுத்தார்:
'பொறுத்துக்கோ, இன்னும் நாலு நாள்,
அப்புறம் அடுப்பு.'

நாலு நாள் இல்லை.
திருத்தவில்லை.
வண்டி வந்தது.