கதவுப் பட்டியல்

அவளுக்கு இருபத்து நான்கு வயது.
என்னிடம் ஒரு கார் இருந்தது, ஒரு கால்குலேட்டரும்.
ஆகவே அவள் வேட்பாளர், நான் பொருளாளர்.

மெய்ன் மாநிலத்தின் வட முனை,
ஆற்றைத் தாண்டினால் கனடா.
கொரின் வெலெட் என்ற பெயரை
எங்கள் தொகுதியில் மூன்று விதமாகச் சொல்வார்கள்.
மூன்றுக்கும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

செப்டம்பர் முழுக்க உருளைக்கிழங்கு அறுவடை.
பகலெல்லாம் இயந்திரத்தின் பின்னால் நின்று
கல் வேறு கிழங்கு வேறாகப் பிரித்துப் போடுவாள்.
ஐந்து மணிக்கு என் காரிலேயே சட்டை மாற்றுவாள்.
எவ்வளவு கழுவினாலும்
துண்டறிக்கையில் விரல் ரேகை மண்ணாய் விழுந்தது.
அச்சகத்தில் கேட்டிருந்தால்
அதற்குத் தனிக் காசு வாங்கியிருப்பார்கள்.

வீட்டுக்கு வீடு ஓர் எண் எழுதுவது என் வேலை.
ஒன்று என்றால் நம் பக்கம்.
ஐந்து என்றால் அவர் பக்கம்.
மூன்று, கடவுளுக்கே தெரியாது.
நாய் இருந்தால் ஒரு நட்சத்திரம்.

வாக்குக் கேட்டுத்தான் போனோம்.
கொடுத்துக்கொண்டே வந்தது நாங்கள்.
பிரசவ வார்டை மூட விடமாட்டேன் என்று ஒரு வாக்கு,
பள்ளிப் பேருந்து ஏரிக்கரை வரை வரும் என்று ஒரு வாக்கு,
திருமதி பெலட்டியேவின் பூனை கண்ணில் பட்டால்
கொண்டுவந்து தருகிறேன் என்று ஒரு வாக்கு.

மூன்றாவதை நிறைவேற்றினோம்.
ரயில் பாதையோரம் கிடந்தது.
என் கோட்டில் சுற்றி எடுத்துப்போனோம்.
அந்த அம்மாள் அழுது முடித்து, மூக்கைச் சிந்தி,
"என் ஓட்டு லவோய்க்குத்தான், கண்ணு.
நாற்பது வருஷப் பழக்கம்" என்றாள்.
ஐந்து என்று எழுதினேன்.
கோட்டுச் சலவைக்கு ரசீது வைக்கலாமா என்று
விதிப் புத்தகத்தில் தேடினேன்.

அக்டோபர் கடைசி. காரில் ஹீட்டர் போய்விட்டது.
அன்றையப் பட்டியலின் கடைசி வரியில்
நார்மண்ட் லவோய் என்றே இருந்தது.
மூன்று முறை வென்றவர். எங்கள் எதிராளி.
கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்?
"விட்டுவிடு" என்றேன்.
"பட்டியலில் இருக்கே" என்று இறங்கிவிட்டாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி, கையில் டிவி ரிமோட்.
கொரின் மனப்பாடம் செய்திருந்த நான்கு வாக்கியங்களை
ஒன்று விடாமல் சொன்னாள்.
எதிராளியைப் பற்றிய மூன்றாவதையும்.

அவர் முழுக்கக் கேட்டார்.
துண்டறிக்கையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து,
"படம் நன்றாயிருக்கிறது. அவருடையது
எங்கள் மூத்தவள் கல்யாணத்தில் எடுத்தது.
அவள் விவாகரத்தே முடிந்துவிட்டது" என்றார்.
கதவைச் சாத்தப் போனவர் நின்று,
"அவர் உங்கள் தெருவுக்குத்தான் போயிருக்கிறார்."

கொரின் வீட்டு மேஜையில் இரண்டு காபிக் கோப்பைகள்.
உப்பு ஜாடியின் அடியில் லவோயின் துண்டறிக்கை,
கல்யாணக் கோட்டில் சிரித்துக்கொண்டு.
அவள் அம்மா ஜீனெட் திரும்பாமல் பாத்திரம் கழுவினாள்.
"நல்ல மனுஷன். பனிக்கு முன்னால்
கூரையைப் பார்க்கச் சொன்னார்."
"அவருக்கா போடப்போகிறாய்?"
"அதை உன்னிடம் ஏன் சொல்லணும்?"

குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
கொரின் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி
பட்டியலில் ஏதோ எழுதினாள்.

முப்பத்தோரு ஓட்டில் தோற்றோம்.
பலகைகளின் கம்பிக் கால்களை
மே மாதம் ஜீனெட் கேட்டு வாங்கினாள், பட்டாணிக் கொடிக்கு.
நான் கணக்கை முடித்து அனுப்பினேன்.
இருப்பு: பதினொரு டாலர், நாற்பது சென்ட்.

பட்டியலை அனுப்பத் தேவையில்லை என்றார்கள்.
ஷூ பெட்டியில் இருக்கிறது.
ஜீனெட் வெலெட் என்ற பெயருக்கு எதிரே
அழுத்தி எழுதிய மூன்று.
பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

அந்த வீட்டில் நாய் கிடையாது.